இரண்டு கடலுக்கு நடுவே ஒரு பகல்

திருகோணமலைத் துறைமுகத்தில் 32 ஆண்டுகள் எழுதுவினைஞராக வேலை பார்த்தவன் நான். கப்பலின் தாள்களைச் சரிபார்ப்பது, இறங்கும் சரக்கைப் பதிவது, கரைக்குப் போகும் மாலுமிகளின் பெயரை எழுதிக்கொள்வது என்று என் காலம் போனது. சீனன்குடாப் பக்கம் கோதுமைக் கப்பல் வந்து நின்றால் அதன் ஆட்களுக்கு ஒரு பகலோ, அரைப் பகலோ ஓய்வு கிடைக்கும். மேசைக்கு முன்னால் வந்து நிற்கிற ஒவ்வொருவரும் கேட்பது ஒரே கேள்விதான்: "நாலு மணித்தியாலம் இருக்கிறது, இந்த ஊரில் என்ன பார்க்கலாம்?"

இளவயதில் அந்தக் கேள்வி எனக்குப் பெருமையாக இருக்கும். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர் ஊற்று, நிலாவெளிக் கடற்கரை, புறாத் தீவு என்று ஒரே மூச்சில் சொல்லுவேன். கேட்டவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, வாசலில் நிற்கும் வாடகைக் காரில் ஏறிப் பறப்பார். மாலையில் திரும்பி வரும்போது "பார்த்தேன், பார்த்தேன்" என்பார். முகத்தில் களைப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது.

எண்பதுகளில் ஒரு நாள், பிலிப்பைன்ஸ் நாட்டு மாலுமி ஒருவர் வந்தார். அறுபதை நெருங்கிய வயது. வழக்கமான கேள்விக்குப் பதிலாக, முடி வெட்டும் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார். கப்பலிலேயே முடி வெட்ட ஆள் இருப்பாரே என்றேன். இருக்கிறார் என்றார். ஆனால் தான் இறங்குகிற எல்லாத் துறைமுகத்திலும் ஒரு சலூனைத் தேடிப் போய் உட்கார்ந்துவிடுவாராம். முறை வரும்வரை காத்திருக்கும்போது அந்த ஊர்ச் சனங்கள் எப்படிப் பேசுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், பிள்ளைகளை எப்படி அதட்டுகிறார்கள் என்றெல்லாம் பார்க்கலாம் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். எனக்கு வேலை முடியும் நேரம். பிரதான வீதியில் ஒரு சிறிய சலூனுக்கு நானே அவரைக் கூட்டிப் போனேன். வாங்கில் எங்களுக்கு முன்னால் நாலு பேர். ஒருவருக்கு மகளின் கலியாணப் பேச்சு, இன்னொருவருக்குக் கச்சான் காற்றில் படகு இறக்கலாமா வேண்டாமா என்ற கவலை. ஒரு சொல்லும் விளங்காத அந்த மனிதர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடையிலிருந்து தேத்தண்ணி வந்தது. முடி வெட்டி முடிந்தபின் கண்ணாடியில் தன்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கை கூப்பினார். கைகூப்புவதை அந்த அரை மணித்தியாலத்தில்தான் அவர் கற்றுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு எனக்கு வந்த எண்ணம் இன்றும் மாறவில்லை. குறைந்த நேரம் கையில் இருக்கிறவர், பார்க்கும் இடங்களைத்தான் குறைக்க வேண்டும். உட்காரும் நேரத்தில் கை வைக்கக் கூடாது.

துறைமுகப் பட்டினத்தில் வளர்ந்த எவருக்கும் வந்து போகிறவர்களின் கதை பழக்கம். எங்கள் ஊரின் வரலாறே, கொஞ்ச நேரம் நிற்க வந்தவர்களின் வரலாறுதான். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக் கரையில் புயலில் பாய்மரத்தை இழந்த ஓர் ஆங்கிலக் கப்பல், புது மரம் நாட்டிக்கொண்டு போவதற்காக எங்கள் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அதில் இருந்த றொபேட் நொக்ஸ் என்ற இளைஞர் 1660இல் தகப்பனோடு சேர்ந்து கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். தகப்பன் சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் தப்பிப் போனது 1679இல். மரம் மாற்ற வந்தவருக்கு 19 ஆண்டுகள் போயின. அவர் 1681இல் வெளியிட்ட புத்தகம், கண்டி இராச்சியத்து மக்கள் எதை உண்டார்கள், எதை உடுத்தார்கள், எப்படி விதைத்தார்கள் என்றெல்லாம் சொல்கிறது. அவர்கள் பிடிபட்ட இடத்தின் நினைவாக மூதூரில் ஒரு கல் நிற்கிறது.

இன்னொருவர் ஆர்தர் சி. கிளார்க். 1954 டிசம்பரில் அவுஸ்திரேலியாவுக்குப் போகிற வழியில் அவருடைய கப்பல் கொழும்பில் ஒரு பிற்பகல் நின்றது. ஒரேயொரு பிற்பகல். அந்த நேரத்தில் கொழும்பின் கட்டடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்திருந்தால் அதற்குமேல் ஒன்றும் நடந்திராது. அவர் றொட்னி ஜொங்கிளாஸ் என்ற உள்ளூர்ச் சுழியோடியைச் சந்தித்து, இந்தத் தீவைச் சுற்றியிருக்கும் கடலைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தார். 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 2008இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். வந்த அதே ஆண்டில் மைக் வில்சனோடு, கோணேசர் கோயில் நிற்கும் எங்கள் சுவாமி மலையின் அடிவாரத்தில் கடலுக்குள் இறங்கினார். இடிக்கப்பட்ட கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் நீருக்கடியில் கிடந்தன. ஒரு மனிதரோடு பேசிய ஒரு பிற்பகல், எங்கள் கோயிலின் கற்கள்வரை அவரைக் கொண்டு வந்து விட்டது.

இதையெல்லாம் அறிந்திருந்தும் என் சொந்த வீட்டில் நான் பிழை விட்டேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் மகள் குடும்பத்தோடு கனடாவிலிருந்து வந்தாள். கொழும்பில் ஒரு வாரம், யாழ்ப்பாணத்தில் ஒரு வாரம், எங்களோடு இரண்டு நாள். அதிலும் ஒரு நாள் உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டது. மிச்சம் ஒரு பகல். மருமகன் பத்து இடங்களைத் தாளில் எழுதி வைத்திருந்தார். நானும் உற்சாகமாக வான் பிடித்துக் கொடுத்தேன். விடியற்காலையில் கிளம்பி இருட்டும்வரை ஓடினோம். புறாத் தீவுக்குப் படகு, கன்னியாவில் பத்து நிமிடம், கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலில் அரை மணித்தியாலம், போர்வீரர் மயானத்தை வானுக்குள் இருந்தபடியே பார்த்தது, உப்புவெளியில் கால் நனைத்தது. பேத்திக்கு அப்போது ஏழு வயது. இரவு சாப்பிடும்போது அவள் என்னிடம் கேட்டாள்: "அம்மப்பா, கோட்டைக்குள்ள நிண்ட மான் என்ன சாப்பிடும்? அதுக்கு வீடு எங்க?"

பத்து இடங்களிலும் அவளுக்குத் தேவைப்பட்டது அந்த மான் ஒன்றுதான். அதன் பக்கத்தில் நிற்க நாங்கள் அவளுக்கு இரண்டு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. "கெதியா வா, கெதியா வா" என்று கையைப் பிடித்து இழுத்தவன் நான்.

அந்த இரவுக்குப் பிறகு, யார் வந்து ஒரு பகல் இருக்கிறது என்றாலும் நான் பட்டியல் சொல்வதில்லை. நிலாவெளியையும் புறாத் தீவையும் இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன். அவை அழகான இடங்கள். ஆனால் நிலாவெளி நகரிலிருந்து 15 கிலோமீற்றர் வடக்கே இருக்கிறது. போய் வந்து, படகுக்குக் காத்திருந்து, குளித்து உடை மாற்றுவதற்குள் பகல் கழிந்துவிடும். வெளிநாட்டிலிருந்தும் தென்பகுதியிலிருந்தும் வருகிற பலர் நகரை பஸ் ஜன்னலால் பார்த்துவிட்டு நேரே நிலாவெளி விடுதிக்குப் போய்விடுகிறார்கள். ஊரைத் தொடாமல் ஊருக்கு வந்து போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிற விடயம்.

திருமலை என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் திருகோணமலை நகரம் ஒரு கழுத்து மாதிரி. கிழக்கே திறந்த கடல், மேற்கே உட்துறைமுகம். இடையில் ஒடுங்கிய நிலம். அந்த நிலத்தின் கிழக்கு முனையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற பாறைதான் சுவாமி மலை. ஒரு பகலுக்கு இந்தக் கழுத்து போதும். வாகனமும் தேவையில்லை.

இரவு பஸ்ஸில் வந்தவர் விடியும்போதே கோட்டை வாசலுக்குப் போய்விட வேண்டும். மழைக்காலமென்றால் குடை அவசியம். ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை வாடைக் காற்றும் மழையும் எங்களுக்கு. மற்ற மாதங்களில் ஒன்பது மணிக்கே வெயில் சுடத் தொடங்கிவிடும். கோயில் என்பதால் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு நல்லது. கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, ஆகவே வழியை விட்டு விலகி நடக்க வேண்டாம். படம் எடுக்க முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசலில் அவசரப்படாதீர்கள். அந்த நிலைக் கல்லில் இரட்டை மீன் செதுக்கியிருப்பதைப் பாருங்கள். பாண்டியரின் சின்னம் அது. பக்கத்தில் தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். கோயிலில் இருந்திருக்க வேண்டிய கல், கோட்டை வாசலில் நிற்கிறது. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். இடித்த கற்களைக் கொண்டே 1624இல் கோட்டையைக் கட்டினார்கள். பின் ஒல்லாந்தர் வந்தார்கள். 1782இல் ஒரே ஆண்டுக்குள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறிப் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் மறுபடி வந்து நிலைத்தார்கள். இங்கிலாந்து அரச குமாரன் ஒருவரின் பெயரால் 1803இல் இதற்குப் பிரெட்றிக் கோட்டை என்று பெயர் விழுந்தது. கொடி எத்தனை தரம் மாறியும், இடிபட்ட கோயிலின் கல் அவர்களின் வாசலிலேயே மீனோடு நின்றுகொண்டிருந்தது. கையால் தொடாமல், கண்ணால் அந்த மீன்களைப் பாருங்கள். எங்கள் பிள்ளைகளில் பலரே அதைக் கவனிக்காமல் கடந்து போகிறார்கள்.

உள்ளே ஆலமரங்களுக்குக் கீழே புள்ளிமான்கள் நிற்கும். ஊருக்குள்ளும் வரும். மாலையில் கடற்கரையிலும் பார்க்கலாம். ஆட்களுக்குப் பயப்படாது. பேத்தியின் கேள்விக்கு நான் பிறகு கண்டுபிடித்த பதில் நல்ல பதில் இல்லை. புல்லும் இலையும் தின்ன வேண்டிய மான், நாங்கள் எறிகிற சோற்றுப் பொதியின் பொலித்தீனையும் சேர்த்துத் தின்கிறது. ஆகவே பொதியை அதன் முன்னால் அவிழ்க்காதீர்கள். வெறும் உறையைக் கையோடு கொண்டு போங்கள். ஒதுங்கி நின்று அது மேய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும்.

மேலே ஏறும் வழியின் இரு பக்கமும் அர்ச்சனைத் தட்டும் பூவும் விற்கும் சிறு கடைகள். மலையுச்சியில் கோயில். இப்போதிருக்கும் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1963இல். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், 1950இல், கோட்டைக்குக் கிட்ட கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் திருவுருவங்கள் வெளிவந்தன. கோயிலை இடிக்க வந்தவர்களின் கண்ணில் படாமல் யாரோ புதைத்து வைத்துவிட்டுப் போனவை. யார் புதைத்தார்கள், புதைத்தபின் அவர்களுக்கு என்ன ஆனது என்று எனக்கு இளவயதிலிருந்தே யோசனை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மண் அவற்றைக் காத்துக் கொடுத்தது. அந்த விக்கிரகங்கள் ஊர்வலம் வந்த கதையை அம்மா என்னிடம் சொல்லும்போதெல்லாம் குரல் தழுதழுக்கும். ஊரே தெருவில் நின்றதாம்.

திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் இந்த மலைக்கு ஒரு பதிகம் பாடியிருக்கிறார். அவர் கடல் கடந்து இங்கு வரவில்லை, இராமேஸ்வரத்தில் நின்றே பாடினார் என்பது மரபு. அலை இரைந்து வந்து முத்துகளைக் கரையில் ஒதுக்குவதை அங்கிருந்தே பாட்டில் கொண்டு வந்துவிட்டார். இந்த மலையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும். வராமலே பார்த்தவர் ஒருவர். வந்தும் பார்க்காமல் போகிறவர்கள் எத்தனையோ பேர்.

கோயிலைச் சுற்றிப் பின்பக்கம் வந்தால் பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. பாறையை வாளால் பிளந்தது போன்ற வெடிப்பை இராவணன் வெட்டு என்கிறோம். தாய்க்காக இந்த மலையையே பெயர்த்தெடுக்க வந்தவன் வெட்டியது என்பது கதை. விளிம்பிலே நிற்கும் மரத்தில் சிறுசிறு தொட்டில்கள் கட்டியிருப்பார்கள். பிள்ளை வரம் வேண்டியவர்கள் கட்டியவை. ஒவ்வொரு தொட்டிலுக்கும் பின்னால் ஒரு வீட்டின் நெடுங்காலக் காத்திருப்பு இருக்கிறது. அதன் முன்னால் சிரித்து விளையாடிப் படம் எடுக்காதீர்கள் என்று இளையவர்களை மன்றாட்டமாகக் கேட்கிறேன். அந்த மரத்தடியில் அழுதபடி நிற்கிற பெண்ணை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

அங்கே ஒரு மணித்தியாலமாவது இருங்கள். ஒன்றும் செய்ய வேண்டாம். கீழே கடலின் நிறம் பச்சையிலிருந்து கருநீலத்துக்கு மாறுகிற இடத்தில் ஆழம் திடீரென்று இறங்குகிறது. கரைக்கு இத்தனை அருகில் இத்தனை ஆழம் இருப்பதால்தான் மார்ச்சிலிருந்து ஓகஸ்ட் வரையான மாதங்களில் நீலத் திமிங்கிலங்கள் இந்தப் பக்கம் வருகின்றன. கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் தூரத்தில் அவை நீர் பீச்சுவது பாறையிலிருந்தே தென்படும் நாட்களும் உண்டு. திமிங்கிலம் வராவிட்டால் என்ன, கடல் அங்கேதான் இருக்கிறது.

காலைச் சாப்பாட்டுக்கு இறங்கி வாருங்கள். இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். அல்லது பிட்டும் மீன் குழம்பும். பெரிய விடுதி தேட வேண்டாம். ஊர்ச்சனம் உட்கார்ந்து சாப்பிடுகிற கடையில் நீங்களும் உட்காருங்கள். முன்னால் இருப்பவரிடம் "நீங்கள் எந்த இடம்?" என்று கேட்டால் போதும். எங்கள் ஊர்ச்சனம் தமிழ், சிங்களம், இஸ்லாமியத் தமிழ் என்று மூன்று விதமாகவும் பதில் சொல்லும். மூன்று சமூகமும் ஒன்றாகச் சாப்பிடுகிற மேசைகள் இங்கே எத்தனை கலவரங்களையும் தாங்கி நின்றிருக்கின்றன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது யாருடைய பிள்ளை என்று பாராமல் ஓடித் தூக்கியவர்களும் இதே சனம்தான்.

மத்தியானத்தில் வெயில் மனிதரை வெளியில் விடாது. பத்திரகாளி அம்பாள் கோயில் திறந்திருந்தால் அதன் உட்புறத்துச் சுதை வேலையை அண்ணாந்து பாருங்கள். இல்லாவிட்டால் மரநிழல் கிடைத்த இடத்தில் ஓய்வெடுங்கள். அது வீணான நேரம் இல்லை. 1895இல் 'மோகனாங்கி' என்ற நாவலை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை பிறந்த ஊர் இது. தமிழில் வந்த முதல் வரலாற்று நாவல்களில் ஒன்று அது. அவர் நடந்த தெருக்களில் மத்தியான அமைதியில் நடந்து பார்ப்பதே ஒரு அனுபவம்.

வெயில் சாய்ந்ததும் டொக்யார்ட் வீதிப் பக்கமுள்ள பழைய ஆங்கிலேயர் மயானத்துக்குப் போகலாம். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி சார்ள்ஸ் ஒஸ்ரின், கடற்படைத் தளபதியாக இருந்து 1852இல் பர்மாவில் இறந்தார். அவரை அடக்கம் செய்தது இங்கே. அக்காவின் நாவல்களை உலகமே படிக்கிறது. தம்பியின் கல்லறையைத் தேடி வருகிறவர் சிலரே. பக்கத்துக் கல்லறைகளில் இருபது வயதும் இருபத்திரண்டு வயதுமாக இருக்கிறார்கள். காய்ச்சலிலும் கழிச்சலிலும் போன பிள்ளைகள். அவர்களும் கொஞ்ச நாள் தங்கிப் போகலாம் என்றுதான் வந்திருப்பார்கள்.

பிறகு கடைசியாக உட்துறைமுக வீதி. இது என்னுடைய இடம், ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள்.

உட்துறைமுகத்தின் நீர்ப்பரப்பு சுமார் 1630 ஹெக்ரெயர். வாய் ஒடுக்கம், உள்ளே அகலம், சுற்றிவர மலையும் காடும். வெளியே கடல் எவ்வளவு கொந்தளித்தாலும் உள்ளே குளத்து நீர் மாதிரி இருக்கும். உலகத்துக் கடற்படைகளெல்லாம் இந்த ஊருக்காக அடித்துக்கொண்டதன் காரணத்தை அந்த வீதியில் நின்று பார்த்தால் ஒரு பார்வையில் விளங்கிக்கொள்ளலாம். எதிரே தெரிவது சீனன்குடா. அதன் பின்னாலுள்ள காட்டுக்குள் ஆங்கிலேயர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் இன்னும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தின்மேல் குண்டு போட்டன. முதல்நாள் இரவே இங்கிருந்து வெளியேறியிருந்த 'ஹேர்மீஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலும் அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. என் அப்பா அப்போது இளைஞர். சனம் சட்டி பானையோடு காட்டுப் பக்கம் ஓடியதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பிரித்தானியக் கடற்படை இந்தத் தளத்தை விட்டுப் போனது 1957இல்.

அந்தத் துறைமுகத்தின் தெற்கே விரிந்து கிடப்பதுதான் கொட்டியாரக் குடா. மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடி வருகிற மகாவலி கடலில் சேருமிடம். குடாவின் மறுகரை மூதூர். என் மனைவியின் ஊர்.

பாலங்கள் வருவதற்கு முன் மூதூருக்குப் போவதென்றால் லோஞ்ச்தான். ஒரு மணித்தியாலப் பயணம். தரைவழியாகப் போவதென்றால் கிண்ணியாத் துறையில் பாதையில் ஏறி இறங்க வேண்டும். அந்த மிதவையைப் பாதை என்றே சொல்லுவோம். கலியாணமான புதிதில் தாய்வீட்டுக்குப் போகும்போதெல்லாம் லோஞ்சில் அவள் முன்பக்கம் போய் நிற்பாள். குடாவின் நடுவே வந்ததும் இரண்டு கரையும் ஒரே தூரத்தில் தெரியும் இடம் ஒன்று உண்டு. அங்கே வந்ததும் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். அடுத்தடுத்து மற்றப் பாலங்களும் வந்தன. போக்குவரவு சுலபமாயிற்று, நோயாளிகள் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள், அது பெரிய நன்மை. நாங்களும் பஸ்ஸில் போகப் பழகிவிட்டோம்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா லோஞ்சில போய் வருவமே" என்று அவள் பல தரம் கேட்டிருக்கிறாள். ஓய்வு பெற்ற மனிதன் நான். கையில் நேரம் கிடந்தது. பிறகு போகலாம், அடுத்த கிழமை போகலாம், கச்சான் அடங்கட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் அவள் போய்விட்டாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்குப் போனோம். எங்கள் வழக்கம் அது. ஏழு கிணறுகளும் வேலிக்குள் சின்னச் சதுரங்களாக வெதுவெதுப்பாக இருந்தன. ஒரு சுற்றுலாக் குடும்பம் வாளியால் தண்ணீர் அள்ளி ஊற்றிச் சிரித்துக்கொண்டிருந்தது. அவர்களில் ஒரு பெரியவர் எங்கள் ஈரவேட்டியையும் ஐயரையும் கண்டவுடன் பிள்ளைகளை அமைதியாக்கிக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனார். அந்த மனிதரை எனக்குத் தெரியாது. அவருக்கு இன்றும் நன்றி சொல்லிக்கொள்கிறேன். கன்னியாவை நான் வருகிறவர்களின் ஒருநாள் பட்டியலில் சேர்க்காமல் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு வரக்கூடிய இடமாக அது எனக்கு இல்லை.

எழுபத்தாறு ஆண்டுகள் இந்த ஊரில் வாழ்ந்த எனக்குக் கிடைக்காத ஒன்று, ஒரு பகல் தங்குகிறவருக்குக் கிடைத்திருக்கிறது. இன்று மாலை போய்விடுவோம் என்று அவருக்குத் தெரியும். அதனால் அவர் கோட்டை வாசலின் மீனைப் பார்ப்பார், தொட்டில் மரத்தைப் பார்ப்பார், எதிரே இருப்பவரின் பெயரைக் கேட்பார். நான் நாளைக்குப் பார்க்கலாம் என்று எல்லாவற்றையும் தள்ளி வைத்தவன்.

ஆகவே திருமலைக்கு வருகிறவர்களிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். உங்களோடு வருகிற முதியவர் ஏதாவது ஓரிடத்தில் இன்னும் கொஞ்சம் இருப்போம் என்றால், இருங்கள். பிள்ளை ஒரு மானின் முன்னால் நின்றுவிட்டால், பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பத்தில் எட்டு இடம் விடுபட்டால் விடுபடட்டும்.

மாலையில் இரவு பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ போகும் முன், டச்சுக் குடாக் கடற்கரையில் இறால் வடை வாங்கிக்கொண்டு, மேற்கே நடங்கள். காலையில் சுவாமி மலையில் கடலுக்குள்ளிருந்து எழுந்த அதே சூரியன், மாலையில் உட்துறைமுகத்துக்கு அப்பாலுள்ள மலைகளுக்குப் பின்னால் இறங்கும். கோட்டை வாசலிலிருந்து அந்த வீதிக்கு நடக்க இருபது நிமிடம்தான் ஆகும்.